உள்பக்கத் தாழ்ப்பாள்

ஜூலை 3

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ஜன்னலோர இருக்கை கிடைத்தும் வழியெல்லாம் தூக்கம் வரவில்லை.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் அப்பா கட்டிலின் தலைமாட்டில் இருக்கிறது. நீ எடுத்ததுமே "ஸ்பீக்கர்ல போடு டீச்சர்" என்பார். அவரைப் பற்றி அவர் காதுபட என்ன பேச முடியும்? பக்கவாதம் வந்ததிலிருந்து எழுத்து அவர் கண்ணில் நிற்பதில்லை, அதனால் கடிதம்தான் நமக்கு வசதி. இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. அவருக்கு முடியாமல் போன ஒன்றை நாம் மறைவிடமாக்கிக்கொள்கிறோம்.

கிளம்பிய அன்று நான் கத்தியது தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை, சொன்ன விதம்தான் தப்பு. "காலமெல்லாம் பஸ் ஓட்டின மனுஷனை தொட்டில் குழந்தையாக்கி வச்சிருக்கே" என்றேன். ஊட்டிக்கொண்டிருந்த கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போன நீ, நான் பையைத் தூக்கும்வரை வெளியே வரவில்லை. அப்பாதான் இடது கையைத் தூக்கி "போயிட்டு வா கண்டக்டர்" என்றார். அவர் வண்டியில் நான் ஏறி விசில் ஊதித் திரிந்த வயதில் வைத்த பேரை இன்னும் விடவில்லை.

மாடி வீட்டு எலெக்ட்ரீஷியன் அண்ணன் "மசாஜ் படிப்பாம்மா?" என்று கேட்டபோது நீயும் சும்மா சிரித்துவிட்டாய். ஆக்குபேஷனல் தெரபி மசாஜ் இல்லை அம்மா. பிசியோதெரபிக்காரர் கையை அசைய வைப்பார். அந்தக் கையால் அந்த ஆள் தானே பல் தேய்க்க, தானே சட்டை மாட்ட, தானே அள்ளிச் சாப்பிட வழி பார்ப்பது எங்கள் பாடு. இதில் ஒரு மேடம் இருக்கிறார். 'கைகட்டி மேடம்' என்று பேர். நோயாளி ஒரு வேலையைச் செய்யும்போது நாங்கள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அவர் சட்டம். போன வாரம் பிராக்டிகலில் ஒரு பெரியவர் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பித்தான். பாதி நுழைந்துவிட்டது. என் கை தானாகப் போய் மீதியை நுழைத்துவிட்டது. "அவர் ஜெயிக்கப் போற நேரத்துல வந்து திருடிட்டியே" என்றார் மேடம். ஃபெயில். அந்த எரிச்சலோடுதான் வீட்டுக்கு வந்தேன். உன்னைத் திட்டியதில் பாதி என்னைத் திட்டியது.

எங்களுக்கு முதல் பாடமே ஒரு கேள்விதான். எங்கே வலிக்கிறது என்று கேட்கக் கூடாது. திரும்பவும் எதைச் செய்ய முடிந்தால் உங்களுக்குப் போதும் என்று கேட்க வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீ ஒருதரம் கேட்டுப் பார்.

உன் மகள்


ஜூலை 16

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டு படித்தேன். "என்ன டீச்சர், லெட்டரா?" என்று ஹாலிலிருந்து குரல். ஆசிரியர் சங்கத்துக் கூட்ட நோட்டீஸ் என்றேன். இந்த வயதில் புருஷனிடம் கடிதத்தை மறைக்கிறவளாக என்னை ஆக்கிவிட்டாய்.

உன் மேடம் சொன்னது எனக்குத் தெரியாததில்லை. ஒன்றாம் வகுப்பில் குழந்தையின் கையைப் பிடித்துத்தான் முதல் எழுத்தை எழுத வைப்போம். எப்போது பிடிப்பது என்று யாருக்கும் தெரியும். எப்போது விடுவது என்பதில்தான் வாத்தியார் வேலை இருக்கிறது. சீக்கிரம் விட்டால் எழுத்து கோணிக்கொண்டு போகும். விடவே இல்லையென்றால் குழந்தை பலகையைப் பார்க்காது, நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். இதெல்லாம் எனக்கு வேலையாக இருந்த காலத்தில் நீ பிறக்கவே இல்லை.

ஆனால் பள்ளிக்கூடத்துக் குழந்தையின் கையை விடுவது சுலபம். மணி அடித்தால் அது வீட்டுக்குப் போய்விடும். இங்கே மணி அடிப்பதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. அவர் சட்டைக்குப் பித்தான் போடும்போதுதான் நானும் அவரும் எதிரும் புதிருமாக நிற்கிறோம். அவர் ஓட்டுகிற காலத்தில் விடியுமுன் போவார், நான் தூங்கிய பிறகு வருவார். இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததே இப்போதுதான். நீ அதை விடச் சொல்கிறாய். சட்டப்படி சரிதான்.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம், ஆளை விடு" என்றார். அப்புறம் பாத்ரூம் போகணும் என்று கையை நீட்டினார். கூட்டிப்போய், எப்போதும்போல நானும் உள்ளே நின்று, கதவைச் சாத்தினேன். அங்கே நிற்கும்போது நான் மேலே கூரை ஓட்டைத்தான் பார்ப்பேன். அவர் கதவைப் பார்ப்பார்.

உன் பாடத்திட்டத்தை அனுப்பு. நடத்துகிறேன். கோபம் தீரவில்லை, அது வேறு கணக்கு.

அம்மா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அம்மா,

வழி கிடைத்துவிட்டது. உட்கார்ந்து படி.

எங்கள் சீனியர் ஒருத்தர் பேசிய கருத்தரங்கில் கேட்டேன், பிறகு நூலகத்தில் தேடியும் படித்தேன். பக்கவாதம் வந்தவருக்கு நல்ல கை ஒன்று இருக்கிறதல்லவா, அதுதான் எதிரியாம். எல்லா வேலையையும் அதுவே பார்த்துவிடுவதால், முடியாத கை 'நமக்கு வேலை இல்லை' என்று மறந்துவிடுகிறது. அதனால் நல்ல கைக்கு ஒரு கையுறை மாட்டி அதை ஓய்வில் வைத்துவிட்டால் மற்றது வேறு வழியில்லாமல் விழித்துக்கொள்ளும். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். முன் வரிசைப் பையன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டால் பின் வரிசைப் பையன் வாயே திறக்க மாட்டான். நீ என்ன செய்வாய்? முன் வரிசைக்காரனை "வாயை மூடிட்டு உட்காரு" என்பாய். அதேதான்.

அப்பாவுக்கு வலது கையில் மணிக்கட்டு கொஞ்சம் தூக்குகிறது, விரல்களும் கொஞ்சம் நீள்கின்றன. அதனால் அவருக்குச் சரியாக வரும்.

தடித்த துணியில் விரல் பிரியாமல் பை மாதிரி தைத்து இடது கையில் மாட்டு. மணிக்கட்டில் வார் போட்டு இறுக்கு, பல்லால் அவிழ்க்க முடியாதபடி. விழித்திருக்கும் நேரமெல்லாம் இருக்கட்டும். அவர் கேட்டாலும் கழற்றாதே. கோபப்படுவார், கெஞ்சுவார், கண்ணீர்கூட விடுவார். நீ பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி நில். கையைப் பின்னால் கட்டிக்கொள். ஏதாவது விழுகிற சத்தம் கேட்டால் உடனே ஓடாதே, அவரே சமாளிக்கிறாரா என்று காத்திரு. நீ இளகினால் எல்லாம் போச்சு.

மேடத்திடம் கேட்கவில்லை. கேட்டால் "ரெண்டாம் வருஷத்துக்கு இது எதுக்கு?" என்பார். அவருக்கு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும்.

உன் மகள்


ஆகஸ்ட் 25

அன்பு மகளுக்கு,

பழைய கம்பளியை மடித்து, மேலே உன் பள்ளிக்கூடப் பையின் துணியைப் போட்டுத் தைத்தேன். வாருக்கு அவருடைய யூனிஃபார்ம் பெல்ட்டையே வெட்டினேன். அதைப் பார்த்து, "என்ன டீச்சர், பாக்ஸிங் அனுப்பப் போறியா?" என்றார். அன்றைக்குச் சிரித்தது, அப்புறம் நிறைய நாள் இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

முதல் வாரம் சோறெல்லாம் தரையில். எறும்பு வரிசை கட்டிலில் ஏறியது. ஸ்பூனை எறிந்தார், டம்ளரை எறிந்தார், எறிவதற்கும் வலது கைதான் என்பதால் எதுவும் தூரம் போகவில்லை. "உன் கண்டக்டருகிட்ட சொல்லு, இந்த வண்டி ஷெட்டுக்குப் போயிடுச்சு, விசில் ஊதுறதை நிறுத்தச் சொல்லு" என்றார். ஒருநாள் கையுறையை என் முன்னால் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். கழற்றவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கட்டியது அவருக்காகவா, என் கை போய்விடாமல் இருக்கவா என்று தெரியவில்லை. பிறகு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது.

ஆனால் நீ சொன்னது நடக்கிறது. பொய் சொல்லக் கூடாது. இந்த வாரம் துண்டைப் பிடித்து இழுத்தார். டம்ளரை மேஜை விளிம்புவரை தள்ளிக்கொண்டு வந்து, கட்டைவிரலை உள்ளே விட்டுக் கவ்வித் தூக்கினார். பாதி தண்ணீர் மார்பில். மீதி வாயில். என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையைச் சொல்லத் தெரியவில்லை. நானும் கைதட்டவில்லை, நீ திட்டுவாய் என்று.

பாத்ரூமுக்குத்தான் முகம் சுளிக்கிறார். எலெக்ட்ரீஷியன் உள்ளே சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதித்துக் கொடுத்திருக்கிறார். அதைத் தாண்டிப் போகும்போதும் வரும்போதும் கதவை ஒரு பார்வை பார்க்கிறார். "என்ன வேணும்?" என்றால், "ஒண்ணுமில்ல" என்கிறார்.

அம்மா


செப்டம்பர் 9

அம்மா,

டம்ளர் விஷயத்தை ரூமில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எந்நேரமும் போர்வைக்குள் இருக்கிற என் ரூம்மேட்கூட எழுந்து உட்கார்ந்து கேட்டாள். இந்தப் படிப்பில் சேர்ந்ததிலிருந்து நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான் என்று தோன்றுகிறது.

கையுறை நேரத்தைக் குறைத்துவிடாதே. இப்போதுதான் இளகக் கூடாது. செமஸ்டர் முடிந்ததும் வந்து அப்பா கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பேன். சொல்லிவை.

உன் மகள்


செப்டம்பர் 28

அன்பு மகளுக்கு,

போனில் சொன்னதுதான். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். வலது பக்க இடுப்பு எலும்பு. ஆபரேஷன் முடிந்து வார்டில் இருக்கிறோம். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ராத்திரி எனக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாள்.

கையுறை அப்போது இல்லை. காலையிலேயே கழற்றிவிட்டிருந்தேன். இதில் உன் பாடத்துக்குச் சம்பந்தமில்லை. தரை ஈரம், அவ்வளவுதான்.

உனக்குப் பரீட்சை இருக்கிறது. வர வேண்டாம்.

அம்மா


அக்டோபர் 7

அம்மா,

இன்றைக்கு வகுப்பில் மேடம் கையுறை சிகிச்சையை நடத்தினார். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே என்று பேனாவைக்கூடத் திறக்கவில்லை.

யாருக்கு மாட்டலாம் என்று சொன்னார். அது நான் எழுதியதுதான். பிறகு எப்போதெல்லாம் கழற்ற வேண்டும் என்று சொன்னார். நடக்கும்போது. குளிக்கும்போது. பாத்ரூம் போகும்போது. தடுமாறினால் பிடித்துக்கொள்ள அவரிடம் இருப்பது அந்த ஒரு கைதான், அதனால் தண்ணீர் இருக்கும் இடத்தில் கையுறை இருக்கவே கூடாது என்றார். உடம்பு நிலைகொள்கிறதா என்று பயிற்சி பெற்றவர் சோதித்துப் பார்க்காமல் யாருக்கும் மாட்டக் கூடாது என்றார். ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

அந்த வரி நூலகத்தில் நான் படித்த புத்தகத்திலும் இருந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அடுத்த பக்கத்தில். நான் பக்கத்தைத் திருப்பவில்லை.

நான் உனக்கு எழுதியது 'கேட்டாலும் கழற்றாதே.'

போனில் நான் கேட்பதற்கு முன்னாலேயே "கையுறை இல்ல, இல்ல" என்று அவசரமாகச் சொன்னாய். கடிதத்திலும் அதையே எழுதியிருக்கிறாய். விழித்திருக்கும் நேரமெல்லாம் மாட்டச் சொன்னால், அந்த நேரமெல்லாம் மாட்டுகிற ஆள் நீ. அன்றைக்கு மட்டும் காலையிலேயே ஏன் கழற்றினாய்?

மேடத்திடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பேலன்ஸ் யார் பார்த்தது?" என்று மட்டும் கேட்டார். யாரும் இல்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல். கையுறை இருந்ததா?


அக்டோபர் 19

மகளுக்கு,

இருந்தது.

இவ்வளவுதான் எழுத நினைத்தேன். ஆனால் பேனாவை எடுத்த பிறகு நிற்கவில்லை.

நீ அனுப்பியதை நான் வாத்தியார் கையேடு மாதிரி வரிக்கு வரி நடத்தினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேலேயிருந்து வருகிற பாடத்தை நம் புத்தியைக் கலக்காமல் நடத்து என்று பழக்கிவிட்டார்கள். பிள்ளைக்குப் புரியவில்லை என்று தெரிந்தாலும் அடுத்த பாடத்துக்குப் போவோம். அதையே வீட்டிலும் செய்திருக்கிறேன். ஈரத்தில் அந்தக் கை வழுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லையா? தோன்றியது. படித்தவள் சொல்கிறாள், அவளுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

வார்டில் நர்ஸ் அந்த வாரை அவிழ்த்தாள். "இது என்னம்மா, முடியாத கை அந்தப் பக்கம், இதை எதுக்குக் கட்டி வச்சீங்க?" என்றாள். என் மகள் இதற்குத்தான் படிக்கிறாள் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், பழக்கம். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையை உனக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஆத்திரம். மறைத்ததும் நான்தான், இப்போது ஆத்திரப்படுவதும் நான்தான்.

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். எழுந்து உட்காருவதில்லை. வலது கையை மார்பின் மேல் வைத்துவிட்டால் வைத்தபடியே இருக்கிறது. இடது கையாலும் எதையும் எடுப்பதில்லை. நான் ஊட்டுகிறேன். நீ கத்துவதற்கு இங்கே இல்லை.

"கண்டக்டர் எங்கே?" என்று கேட்கிறார். பரீட்சை என்கிறேன். உன் பரீட்சை எப்போதோ முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். வா.

அம்மா


நவம்பர் 11

அம்மா,

இரண்டுதரம் பஸ் நிலையம்வரை போனேன். ஒருதரம் ஏறி உட்கார்ந்துகூட விட்டேன். டிரைவர் வந்து கதவைச் சாத்தினதும் இறங்கிவிட்டேன். "ஏம்மா, விளையாடுறியா?" என்று கத்தினார். சரியாகத்தான் கேட்டார்.

அவர் திட்டினால் தாங்கிக்கொள்வேன். திட்ட மாட்டார். "வா கண்டக்டர்" என்பார். அதற்குத்தான் பயம்.

இங்கே வார்டு போஸ்டிங். எனக்குக் கொடுத்திருக்கும் பெண்மணி ஒரு காய்கறிக் கடைக்காரி. அப்பா மாதிரியே வலது பக்கம். அவள் முன்னால் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். மேடத்தின் சட்டத்துக்காக இல்லை, கை தானாகப் போய் எதையும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக. "பாப்பா, எனக்கு எதுனா சொல்லிக்குடேன், சும்மா நின்னா எப்படி?" என்கிறாள். என்ன சொல்லிக்கொடுப்பது? நான் ஒன்று சொன்னால் அதை நம்பி ஒருத்தர் வீட்டில் செய்வார்கள்.

அடுத்த வாரம் கட்டாயம் வருகிறேன். அவரிடம் சொல்ல வேண்டாம். கிளம்பாமல் போனால் ஏமாந்துபோவார்.


ஜனவரி 8

அன்புள்ள அம்மாவுக்கு,

வந்துவிட்டு உன்னிடம் சொல்லாமல் கிளம்பியதற்கு எழுதுகிறேன். அப்பாவை எடுத்த அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அப்பாவோடு வேலை பார்த்த டிரைவர்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். அதில் ஒருவர், "நீதான் அந்தக் கண்டக்டரா? டிப்போவுல உன் பேச்சுதாம்மா" என்றார். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது என்று நீ போன் செய்த அன்றுகூட, காலையில் போகலாம் என்றுதான் நினைத்தேன்.

எலும்பு முறிந்து படுத்தவர்களுக்கு நெஞ்சில் சளி கட்டுவது எங்கள் பாடத்தில் இருக்கிறது. எதிலிருந்து எது வந்தது என்று எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியும். அந்த வரிசையின் தொடக்கத்தில் என் கடிதம் இருக்கிறது.

படிப்பை நிறுத்துகிறேன். கல்லூரியில் சொல்லிவிட்டேன். மேடம், மாத முடிவுவரை யோசி என்றார். யோசிக்க ஒன்றுமில்லை. இந்தக் கை யாரையும் தொடாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. அந்தக் காய்கறிக்காரி, "நாளைக்கு வருவேல்ல பாப்பா?" என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன். போகவில்லை.

வீட்டுக்கு வரவும் தைரியமில்லை. வேறு எங்காவது ஒரு கடையில் வேலை பார்த்துக்கொள்வேன்.

நீ எனக்கு எழுத வேண்டாம்.

மகள்


ஜனவரி 21

அன்பு மகளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருந்தால் நீ உன் பங்கை மட்டும் சுமந்துகொண்டு திரிவாய். என் பங்கையும், அவருடைய பங்கையும் நான் இன்னும் உனக்குச் சொல்லவில்லை. கையுறை இருந்தது என்று மட்டும்தான் சொன்னேன். அதுவும் கோபத்தில் சொன்னது. மிச்சத்தைச் சொன்னால் உனக்கு ஆறுதலாகிவிடும் என்று அப்போது சொல்லவில்லை. ஆறுதல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன், இது ஆறுதல்தானா என்று எனக்கே தெரியாமல்.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் பாத்ரூம் போகணும் என்றார். வழக்கம்போல எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். கையுறை மாட்டியிருந்தது. வாசலில் நின்று, "நீ வராதே" என்றார். "கீழ விழுந்து வச்சா?" என்றேன். "நீ வெளியில நில்லு டீச்சர்" என்றார். குரலில் கோபமில்லை. வண்டியை எடுக்கும்போது படிக்கட்டில் நிற்கிறவர்களை உள்ளே போகச் சொல்வாரே, அந்தக் குரல். நின்றுவிட்டேன். தோளால் கதவைத் தள்ளிச் சாத்தினார்.

அப்புறம் ஒரு சத்தம். இரும்பு உரசுகிற சத்தம். நின்றது. மறுபடி உரசியது. எனக்கு என்னவென்று புரியவில்லை. அந்தத் தாழ்ப்பாள் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் உள்ளே போட்டுக்கொண்டு, திறக்க வராமல் நீ அலறிய அலறலில் தெருவே கூடியது. அதற்குக் குண்டூசித் தலை மாதிரி ஒரு குமிழ்தான். அதை விரலால் கிள்ளிப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். உரசியது, நின்றது, உரசியது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு 'டக்' என்று விழுந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ கேட்ட கேள்விக்கு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதும், என்னிடம் ஒண்ணுமில்ல என்றதும், கதவைப் பார்த்ததும். எத்தனை மாதமாக நான் உள்ளே நின்று ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஹாலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்பாடா என்று இருந்தது. உனக்கு இதை எப்படி எழுதுவது என்று மனதுக்குள் வார்த்தை கோத்துக்கொண்டிருந்தேன். 'உன் மாணவர் பாஸ்' என்று தொடங்கலாமா என்று யோசித்தேன். அப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் சத்தம் கேட்டது.

வாளி சாய்ந்த மாதிரி சத்தம். எழுந்தேன். உடனே ஓடாதே, அவரே சமாளிக்கிறாரா என்று பார் என்று நீ எழுதியிருந்தாய். அதனால் நின்றேன். "என்னங்க?" என்றேன். பதில் இல்லை. பேசினால் அவருக்குக் கூச்சமாக இருக்கும், கொஞ்சம் விடுவோம் என்று இன்னும் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று என்னைக் கேட்காதே. அதை நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை. பிறகுதான் முனகல் கேட்டது.

கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அவர் கம்பியை விட்டு நெம்பி, தாழ்ப்பாள் பிய்ந்து வரும்வரை அப்பா அந்த ஈரத்திலேயே கிடந்தார். இடது கை சுவர்க் கம்பிக்குக் கீழே கிடந்தது. பிடிக்கப் போயிருக்கிறார், துணி வழுக்கியிருக்கிறது. வார் நான் இறுக்கியபடியே இருந்தது. அந்தக் கம்பளி மூட்டையால் அந்தக் குமிழைத் தொடக்கூட முடியாது. தாழ்ப்பாளைப் போட்டது எந்தக் கை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தூக்கும்போது என் காதில், "சாத்திட்டேன் பாத்தியா" என்றார். வலியில் உளறுகிறார் என்று எலெக்ட்ரீஷியன் நினைத்தார். நானும் "பேசாதீங்க" என்றுதான் சொன்னேன். பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கண்டக்டரிடம் மட்டும் சொல்ல வைத்திருந்தாரோ என்னவோ.

உன்னைப் படி என்றும் சொல்ல மாட்டேன், விடு என்றும் சொல்ல மாட்டேன். நீ சொல்லிக்கொடுத்தது பலித்தது. பலித்ததால்தான் கதவு சாத்தியிருந்தது. இரண்டையும் சேர்த்து எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்லியே காலம் போயிற்று. இதற்கு ஒரு உதாரணமும் கிடைக்கவில்லை.

போன வாரம் வீட்டு ஓனர் பாத்ரூமுக்குப் புதுக் கதவு போட்டார். தாழ்ப்பாளுக்குப் புதுசு வாங்கட்டுமா என்று கேட்டார். பழையதையே நிமிர்த்திப் போடச் சொன்னேன். அவர்கள் எல்லோரும் போன பிறகு நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, அதை இழுத்தேன். உரசியது, நின்றது. மறுபடி இழுத்தேன். எனக்கே விரல் நோகிறது.

'டக்' என்று விழுந்ததும் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். வார்டிலும், வீட்டிலும், எல்லாம் முடிந்த அன்றும் யாராவது ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அங்கே யாரும் இல்லை. குழாயைத் திறக்காமலே அழுதேன்.

அம்மா